எம்பிஏ கட்டணம்: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

முதுநிலை வணிக நிர்வாகப் படிப்புக்குப் பணம் திரட்டுவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (செராஸ், கோலாலம்பூர்): கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 5,800 ரிங்கிட். வேலையை விடாமல் இரண்டாண்டு எம்பிஏ படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மொத்தக் கட்டணம் 36,000 ரிங்கிட். முழுவதையும் முதலிலேயே கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி என்கிறார்கள். வங்கியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடன் தருகிறார்கள், வட்டி வெறும் 6 விழுக்காடுதானாம். கடன் வாங்கி மொத்தமாகக் கட்டிவிடட்டுமா?

பதில்: கட்ட வேண்டாம். தள்ளுபடியில் உங்களுக்கு மிஞ்சுவது 1,800 ரிங்கிட். அதற்காக நீங்கள் வாங்கப்போகும் கடன் 34,200. வங்கி சொல்லும் 6 விழுக்காடு ஃபிளாட் ரேட்டாக இருந்தால், ஆண்டுக்கு 2,052 வீதம் ஐந்தாண்டுக்கு வட்டி மட்டும் 10,260 ரிங்கிட். மொத்தம் 44,460, மாதத் தவணை 741. கடன் ஒப்பந்தத்துக்கான முத்திரை வரி 0.5 விழுக்காடு, அதாவது 171 ரிங்கிட், இதில் சேரவில்லை.

ஃபிளாட் ரேட்டில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே போடப்படுகிறது. நான்காம் ஆண்டில் பாதிக்கு மேல் அடைத்திருப்பீர்கள்; அப்போதும் 34,200க்குத்தான் வட்டி. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உங்கள் 6 விழுக்காடு உண்மையில் 10.8 விழுக்காட்டைத் தாண்டும். இதற்கு எஃபெக்டிவ் ரேட் என்று பெயர். கையெழுத்துக்கு முன் வங்கி தரும் விவரத் தாளில் இந்த எண் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது அதை மட்டும் பாருங்கள்.

இனி வருமான வரி. முதுநிலைப் பட்டம் எந்தத் துறையானாலும், அரசு அங்கீகரித்த கல்விக்கூடத்தில் உங்கள் சொந்தப் படிப்புக்குக் கட்டிய கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. இந்த உச்ச வரம்பு ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டுக்கும் தனித்தனி. 36,000ஐயும் ஒரே ஆண்டில் கட்டினால் ஒரே ஒரு 7,000தான். மற்ற 29,000க்கு எதுவும் இல்லை. செப்டம்பரில் தொடங்கும் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கு 9,000 வீதம் செப்டம்பர், பிப்ரவரி, மறுபடி செப்டம்பர், மறுபடி பிப்ரவரி என்று நான்கு முறை கட்டினால் மூன்று வரி ஆண்டுகளைத் தொடுவீர்கள். கழிவு 21,000 ஆகிவிடும். வேறு பெரிய கழிவுகள் இல்லாவிட்டால், உங்கள் சம்பளத்துக்கு ஒவ்வொரு 7,000மும் ஏறக்குறைய 700 ரிங்கிட் வரியை மிச்சப்படுத்தும். ஆக, மொத்தமாகக் கட்டி 1,800 தள்ளுபடி வாங்கினால், வரியில் சுமார் 1,400ஐ விட்டுவிடுகிறீர்கள். கையிலேயே பணம் இருந்தால்கூட லாபம் 400தான். நடுவில் படிப்பை நிறுத்த நேர்ந்தால் அந்த 400 எதற்கும் காணாது.

பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் மாதத் தவணை கேளுங்கள். வட்டியில்லாத தவணை பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகும் துண்டு விழுந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். 12,000 ரிங்கிட்டை அதே 6 விழுக்காட்டில் இரண்டாண்டுக்கு எடுத்தால் வட்டி 1,440, மாதம் 560. பத்தாயிரம் எங்கே, ஆயிரத்து நானூறு எங்கே!

ரசீதில் உங்கள் பெயர், கட்டிய தேதி, படிப்பின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். ஏழாண்டுகள் பத்திரப்படுத்துங்கள். முதலாளி கட்டிய பங்குக்கு நீங்கள் கழிவு கோர முடியாது.

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): ஊழியர் சேமநிதியில் பணம் கிடக்கிறது. அதை எடுத்துப் படிக்கலாமா? வட்டி கட்ட வேண்டியதில்லையே?

பதில்: எடுக்கலாம். ஆனால் வட்டி இல்லை என்று எண்ணாதீர்கள்; அதை வேறு வழியில் கட்டுகிறீர்கள்.

2024 மே 11 முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. படிப்புக்கான மீட்பு செஜாத்ராவிலிருந்துதான். பழைய இரண்டாம் கணக்கே இப்போது அந்தப் பெயரில் இருக்கிறது. டிப்ளோமாவும் அதற்கு மேலும் உள்ள படிப்புகளுக்குக் கிடைக்கும். கட்டணத்தைவிடக் கணக்கில் குறைவாக இருந்தால், இருப்பதுதான் கிடைக்கும்.

விண்ணப்பத்தைச் சேமநிதியின் இணையச் சேவையான ஐ-அக்காவுன் வழியாகவே செய்யலாம். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் அல்லது ரசீது, அடையாள அட்டை ஆகியவை வேண்டும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: கடிதத்தில் ஒரு படிப்புப் பெயர், ரசீதில் அதன் சுருக்கம், அல்லது அடையாள அட்டையில் "த/பெ"யுடன் உள்ள முழுப் பெயர், கல்லூரித் தாளில் அரைப் பெயர். கல்லூரியிடம் முன்கூட்டியே சொல்லி, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி அச்சடித்து வாங்குங்கள். கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பித்துவிட்டு அபராதம் கட்டாதீர்கள்.

இதன் விலை என்ன? சேமநிதி 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. இன்று 15,000 ரிங்கிட்டை எடுக்காமல் விட்டு, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு கிடைத்தால், 20 ஆண்டில் அது சுமார் 43,800 ஆகியிருக்கும். ஆனாலும் முதல் பதிலில் பார்த்த 10.8 விழுக்காட்டுக் கடனைவிட இது மலிவுதான். ஆகவே கடனா சேமநிதியா என்றால் எங்கள் ஓட்டு சேமநிதிக்கே. ஒரே ஒரு விதிவிலக்கு: இரண்டு மூன்று ஆண்டில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் செஜாத்ராவைத் தொடாதீர்கள். வீட்டு முன்பணமும் அதே கணக்கிலிருந்துதான் வர வேண்டும். 6,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு இரு தரப்புச் சந்தாவும் சேர்ந்து மாதம் 1,380. அதில் செஜாத்ராவுக்குப் போவது 207தான். காலியான கணக்கு நிரம்பப் பல வருஷம் பிடிக்கும்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): கம்பெனியே முழுக் கட்டணத்தையும் கட்டுகிறதாம். படித்து முடித்தபின் மூன்றாண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அப்பாவை ஜாமீன் போடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: நல்ல வாய்ப்பு, விடாதீர்கள். ஒப்பந்தத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து வரிக்கு வரி படியுங்கள்.

முதலில் மூன்றாண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள். கடைசித் தேர்வு நாளா, முடிவு வந்த நாளா, பட்டமளிப்பு விழாவா? தேர்வுக்கும் விழாவுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும்; அத்தனை மாதமும் நீங்கள் கூடுதலாகக் கட்டுண்டிருப்பீர்கள். "கடைசிப் பாடத்தின் முடிவு வெளியான நாள்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, இரண்டாண்டு வேலை செய்துவிட்டு விலகினால் முழுத் தொகையா, மூன்றில் ஒரு பங்கா? இது எழுத்தில் இல்லாவிட்டால் வழக்காடும் நிலை வரும். தனியார் முதலாளி விஷயத்தில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு என்கிறது. அரசாங்கமோ சட்டபூர்வ அமைப்போ கல்வி நிலையமோ தந்த உபகாரச் சம்பளம் என்றால் கதை வேறு. 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத் திருத்தச் சட்டப்படி, பாதிக் காலம் சேவை செய்ததற்காகக் கழித்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் சொன்ன முழுத் தொகையையும் கேட்கலாம். பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளத்தில் படிக்கப்போகும் அரசு ஊழியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் கட்டு அவிழுமா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பாடத்தில் தோற்றால் மறுதேர்வுக் கட்டணம் யார் தலையில் என்றும் கேளுங்கள்.

ஜாமீன் விஷயம் கனமானது. ஜாமீன் போட்டவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். உங்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போக வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற அப்பாவைக் கையெழுத்துப் போடவைக்கும் முன், தொகைக்கு உச்ச வரம்பு வையுங்கள். இரண்டாண்டுச் சேவைக்குப் பின் ஜாமீன் விடுபடும் என்று எழுதக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி (பட்டர்வொர்த்): மகளுக்கு பிரிட்டனில் முதுநிலை வணிகப் படிப்பு. முகவர் ஒருவர், 2,500 ரிங்கிட் கட்டினால் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் உறுதி என்கிறார்.

பதில்: ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. முகவர் மூலம் அதை "உறுதி" செய்யவும் முடியாது. மகள் தானே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டத்துக்குப் பின் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம், ஓராண்டு முதுநிலைப் படிப்பு, முடிந்ததும் இரண்டாண்டு நாடு திரும்பி இருத்தல் ஆகியவை அதன் நிபந்தனைகள். எம்பிஏவுக்குக் கட்டண உச்ச வரம்பு உண்டு, மேற்பட்டதை நீங்கள் கட்ட வேண்டும். பொதுவாக ஆகஸ்ட்டில் திறக்கும் விண்ணப்பம், மறு ஆண்டு செப்டம்பர் வகுப்புக்கானது. அமெரிக்கா என்றால் ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம். கோலாலம்பூரில் உள்ள மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் நேரடியாகக் கேட்கலாம்.

பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் இப்போதே தேசிய மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

சொந்தப் பணத்தில் அனுப்புவதானால் ஒரு எச்சரிக்கை. பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பத்துக்கு முந்திய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு நாள் இருப்பு கீழே இறங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. வீட்டை அடகு வைத்தோ நிரந்தர வைப்பை உடைத்தோ பணம் வருவதாக இருந்தால், அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி (சுங்கை பூலோ): தனியார் பல்கலைக்கழகம் "50 விழுக்காடு உபகாரச் சம்பளம்" தருகிறது. நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் அது கட்டணக் குறைப்பு, கையில் பணம் வராது. போதனைக் கட்டணத்தில் மட்டும் பாதியா, பதிவு, தேர்வு, வசதிக் கட்டணங்களிலும் பாதியா என்று கேளுங்கள். எவ்வளவு சராசரிப் புள்ளி தக்கவைக்க வேண்டும்? ஒரு பருவத்தில் புள்ளி கீழே போனால் அந்தப் பருவத்துக்கு மட்டும் குறைப்பு நிற்குமா, அதோடு முடிந்ததா? விலகினால் முன்பு குறைத்ததையும் திரும்பக் கேட்பார்களா? பதில்கள் மின்னஞ்சலில் வரட்டும். பிறகு மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் யுஎஸ்எம் போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களின் முழுக் கட்டணத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி விலை என்பது எதில் பாதி என்று அப்போது தெரியும்.

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): 9,000 ரிங்கிட்டுக்கு இணையவழி எம்பிஏ, "அனைத்துலக அங்கீகாரம்" என்று போட்டிருக்கிறார்கள்.

பதில்: மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏவின் பதிவேடு இணையத்தில் இலவசமாகத் திறந்தே இருக்கிறது. படிப்பின் பெயரையும் கல்லூரிப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். அங்கீகாரம் படிப்புக்கானது, இடத்துக்கானது; கோலாலம்பூர் வளாகத்துக்கு இருப்பதால் பினாங்குக் கிளைக்கும் இருக்கிறது என்று ஆகாது. தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். பட்டியலில் இல்லாத உள்ளூர்ப் படிப்பை நம்பி அரசு வேலைக்கோ வரிக்கழிவுக்கோ போக முடியாது.

கேள்வி (கிள்ளான்): பழைய பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. எம்பிஏவுக்கு வங்கிக் கடன் கிடைக்குமா? எம்ஐஇடி உதவுமா?

பதில்: பாக்கி உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் தெரியும், வங்கி அதைத்தான் முதலில் திறக்கும். பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் தளத்தில் நீங்களே இலவசமாகப் பாருங்கள். அதில் கடைசி 12 மாதத் தவணைப் பதிவு இருக்கும். ஆகவே பிடிபிடிஎன்னிடம் பேசித் தவணையைக் குறைத்து மறு அட்டவணை போடுங்கள். ஓராண்டு தவறாமல் கட்டிவிட்டு விண்ணப்பியுங்கள். கடன்கள் பலவாகிச் சமாளிக்க முடியாவிட்டால், கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயின் ஆலோசனை இலவசம்.

ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்ஐஇடி தருவது கடன், உபகாரச் சம்பளம் அல்ல. முதுநிலைப் படிப்புக்கு இந்த முறை விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தாள்களைத் தயாரியுங்கள். நீங்கள் திருப்பிக் கட்டும் பணத்தில்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை படிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): வகுப்பே தொடங்கவில்லை, ஆள் சேரவில்லை என்று ஒத்திவைத்துக்கொண்டே போகிறார்கள். கட்டிய 9,000ஐத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து, பணத்தைத் திருப்பக் கோரும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். ரசீது, சேர்க்கைக் கடிதம், ஒத்திவைப்புச் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அச்சடித்துக் கோப்பில் வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். கடிதம் எழுதத் துணை வேண்டுமானால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள், தமிழிலேயே பேசலாம்.