தாய்மாமன் சீரில் ஒரு நட்சத்திரம்

கேள்வி: என் மகளின் காதுகுத்துக்குத் தம்பி ஆன்லைனில் பணம் கட்டி, அவள் பெயரில் ஒரு நட்சத்திரம் வாங்கித் தந்தான். சர்ட்டிபிகேட்டில் 'உலகப் பதிவேட்டில் பதிவானது' என்று இருக்கிறது. அது செல்லுமா? மாடியில் நின்றால் தெரியுமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சீர்த்தட்டில் மோதிரம், வெள்ளிக் கொலுசு பார்த்திருக்கிறேன், நட்சத்திரம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தம்பிக்குப் பெரிய மனசு!

செல்லாதும்மா. அந்தப் பதிவேடு விற்ற கம்பெனி தானே வைத்திருக்கும் நோட்டு. அதே நட்சத்திரத்தை இன்னொரு கம்பெனி வேறொரு குழந்தைக்கு விற்றாலும் கேட்க ஆளில்லை. விஞ்ஞானிகள் ஏற்கும் பெயர்களை முடிவு செய்வது 1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம். அவர்கள் பெயரை விற்பதே இல்லை.

சர்ட்டிபிகேட்டில் நட்சத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டுவதாக நீங்கள் அனுப்பிய எண்களை வான வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். சிம்ம ராசிப் பக்கம் நிஜமாகவே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் பிரகாச எண் 11. இந்த எண் ஏற ஏற வெளிச்சம் குறையும். நல்ல இருட்டிலேயே நம் கண்ணுக்கு 6 வரைதான் எட்டும். 11 என்றால் அதைவிட 100 மடங்கு மங்கல். உங்கள் மாடியிலிருந்து தெரியாது. டெலஸ்கோப் வேண்டும்.

அதே சிம்மத்துக்குச் சற்றுத் தெற்கே, காசு கொடுக்காமல் பெயர் வாங்கிய நட்சத்திரம் ஒன்று உண்டு. 2019இல் ஒன்றியத்தின் நூற்றாண்டுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரமும் அதன் கோளும் பெயர் சூட்டக் கிடைத்தன. நம் பங்குக்கு வந்ததற்கு, இயற்பியல் அறிஞர் பிபா சௌத்ரி நினைவாக 'பிபா' என்று வைத்தோம். மாணவர்கள் பெயர் அனுப்ப, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தது. நம் பஞ்சாங்கத்து ரேவதியும் பரணியும்கூட 2017இல் ஒன்றியத்தின் பெயர்ப் பட்டியலில் ஏறிவிட்டன. அருந்ததி மட்டும் அங்கே 'அல்கோர்'தான். அதற்காக எந்த மாப்பிள்ளையும் அருந்ததி பார்க்காமல் விட்டதில்லை.

சர்ட்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டுங்கள், தம்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 'இன்னும் கொஞ்சம் கட்டினால் நிரந்தரப் பதிவு' என்று மெயில் வந்தால் மட்டும் ஒரு பைசா அனுப்ப வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நம்மவர் பெயர் வானத்தில் ஏற வழியே இல்லையா சார்?
- கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: இருக்கிறதே தம்பி. சூரியனைச் சுற்றும் சிறுகோள் (ஆஸ்டிராய்டு) ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் முன்மொழியலாம். ஒன்றியம் பார்த்து ஒப்புக்கொள்ளும். 1988இல் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடித்ததுதான் '4130 ராமானுஜன்'. ஒரு நிபந்தனை: அரசியல்வாதி என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் அடிப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.