கனவுக்குள் முழித்துக்கொள்வது எப்படி? (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில் தூக்கம் வராத ஒருவருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். "கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இது கனவுதான் என்று தெரிந்துவிடுவதற்கு லூசிட் ட்ரீம் என்று பெயர், தெளிகனவு என்று வைத்துக்கொள்ளலாம், எனக்கு வருஷத்துக்கு ஏழெட்டு தடவை வரும்" என்று. தூக்கம் வராதவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வந்த கடிதம் முழுக்க அந்த வரிக்குத்தான். அதனால் இந்த இதழில் வேறு கேள்வி கிடையாது. சமையல், வரன் பார்ப்பது, பட்டா மாறுதல் எல்லாம் அடுத்த மாதம்.

யூடியூபில் சொன்னார்கள் என்று இரண்டு மாதமாகத் தினமும் ஐம்பது தடவை விரலால் உள்ளங்கையைக் குத்திப் பார்க்கிறேன். விரல் உள்ளே போனால் கனவாம். ஒரு நாள்கூட கனவில் குத்தியதாக ஞாபகம் இல்லை. வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அவன் பார்ப்பதில் தப்பே இல்லை தம்பி. மனசு கேன்டீனில் இருக்க விரல் மட்டும் குத்திக்கொண்டிருந்தால், அந்தப் பழக்கம் கனவுக்குள் வந்தாலும் அங்கேயும் மனசு கேன்டீனில்தான் இருக்கும். குத்துவீர்கள், விரல் போகாது, சரி நிஜம்தான் என்று நடையைக் கட்டுவீர்கள்.

பகலில் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை முறையாக ஆராய்ந்தவர் பால் தோலி என்கிற ஜெர்மன் உளவியலாளர். அவர் கேட்கச் சொன்னது ஒரு கேள்வி: "நான் இப்போது கனவு காண்கிறேனா?" அதை உண்மையான சந்தேகத்தோடு கேட்க வேண்டும். நான் இங்கே எப்படி வந்தேன், பத்து நிமிஷம் முன்னால் எங்கே இருந்தேன், இங்கே பொருந்தாதது ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் பத்து நிமிஷம் முன்னால் நடந்தது ஞாபகத்தில் இருக்கும். கனவில் பெரும்பாலும் இருக்காது, நாம் நேரே நடுக்காட்சியில் போய் நிற்போம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, பத்து தடவை இப்படி நிதானமாகக் கேட்டால் போதும். விசித்திரமாக ஏதாவது நடக்கும்போதெல்லாம் கேட்டால் இன்னும் நல்லது.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எந்த வீடியோவிலும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கேட்கவே சலிப்பாக இருக்கும்: கனவு நோட்டு. காலையில் முழிப்பு வந்ததும் அசையாதீர்கள். போனை எடுக்காதீர்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்களோ அதே நிலையில் கண்ணை மூடிக்கொண்டு, கடைசியாகப் பார்த்தது என்ன, அதற்கு முன் என்ன என்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு நாள் "தண்ணீர், மாமா, பச்சைச் சட்டை" என்று மூன்று சொல்தான் கிடைக்கும். எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆனதும் புரட்டிப் பார்த்தால் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வருவது தெரியும். எனக்கு டவுன் பஸ். நான் டவுன் பஸ்ஸில் ஏறி வருஷக்கணக்காகிறது, ஆனால் கனவில் வாரம் இரண்டு தடவை அதில்தான் போகிறேன். அதனால் நிஜத்தில் டவுன் பஸ் கண்ணில் பட்டால் உடனே "கனவா?" என்று கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கினேன். ஒரு நாள் விடியற்காலை, பஸ்ஸுக்குள் நிற்கிறேன், கையில் டிக்கெட், "சந்தைப்பேட்டை" என்று போட்டிருக்கிறது. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் "சந்திரன்பேட்டை". எழுத்து கனவில் ஒரு இடத்தில் நிற்காது, இரண்டாவது தடவை படித்தால் அனேகமாக மாறியிருக்கும். உள்ளங்கையைக் குத்துவதைவிட இந்தச் சோதனை எனக்குக் கைகொடுத்தது. வகுப்பிலும் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள், படிக்கிற பையன் என்றுதான் நினைப்பார்கள்.

பிரான்சில் எர்வே த சேன் தெனி என்று ஒருவர் பதிமூன்று வயதில் கனவு நோட்டு எழுத ஆரம்பித்து, 1867இல் கனவுகளை நடத்துவது பற்றியே ஒரு புத்தகம் போட்டார், அதுவும் பெயர் போடாமல். அவருக்கும் ஆரம்பம் நோட்டுதான்.

பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது எங்கேயோ போய்விடுகிறேன். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது என்று மாமியார் குறைப்படுகிறார். இந்தப் பகல் கனவு ராத்திரிக் கனவுக்கு உதவுமா, இல்லை கெடுதலா?
– இல்லத்தரசி, கோபிசெட்டிபாளையம்

உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது அம்மா. கண் திறந்திருக்கும்போதே மனசுக்குள் ஒரு இடத்தை உண்டாக்கி அதில் நடமாடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதாக வரும் என்பது என் அபிப்பிராயம். வீடியோ கேம் நிறைய ஆடுகிறவர்களுக்குத் தெளிகனவு அதிகம் வருகிறது என்று கனடாவில் ஜேன் கேக்கன்பாக் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கற்பனை உலகத்தில் தன் இஷ்டத்துக்கு நடந்து பழகியது ஒரு காரணமாக இருக்கலாம். உங்களுக்கு கேம் வாங்கச் செலவுகூட இல்லை.

ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். பகல் கனவில் நாம் அடித்துக்கொண்டு போகப்படுகிறோம், ஆற்றில் விழுந்த இலை மாதிரி. அதைக் கொஞ்சம் ஒத்திகையாக மாற்றுங்கள். நேற்று ராத்திரி வந்த கனவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டுத் திண்ணை வந்தது, அங்கே உங்கள் வீட்டுக்காரரின் ஆபீஸர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவும்போது அந்தக் காட்சியை மறுபடி ஓட்டுங்கள், திண்ணையின் சில்லிப்பு, வெற்றிலை வாசம் வரைக்கும். ஆபீஸர் வரும் இடத்தில் நிறுத்தி, "அட, இது கனவு!" என்று உள்ளுக்குள் சொல்லுங்கள். அப்புறம் என்ன செய்ய ஆசையோ அதைச் செய்யுங்கள், பறப்பதோ, ஆபீஸரை எழுப்பி அனுப்புவதோ. கனவுக்குள் முழித்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தைத்தான் பழக்குகிறோம், மற்றதெல்லாம் அலங்காரம்.

கெடுதலா என்றால், அளவு மீறினால் உண்டு. வேலை, சாப்பாடு, மனிதர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாளெல்லாம் கற்பனையிலேயே கிடந்து, வெளியே வர முடியாமல் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹைஃபா பல்கலைக்கழகத்தின் எலி சோமர் 2002இல் அதற்குத் தனிப் பெயரே வைத்தார். மாமியார் கூப்பிட்டது காதில் விழாதது அந்த வியாதி இல்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

எனக்கு 67 வயது. தினமும் விடிகாலை நாலு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தாக வேண்டும். மறுபடி படுத்தால் விசித்திரமான கனவுகளாக வருகின்றன. ராத்திரி படுக்கப் போகும்போது என்ன செய்தால் நீங்கள் சொல்லும் அனுபவம் கிடைக்கும்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்

ஐயா, மற்றவர்கள் அலாரம் வைத்துச் செய்வதை உங்கள் உடம்பு இலவசமாகச் செய்கிறது.

தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண்மணி வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு, 1953இல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள், கதை மாதிரி நீளும் கனவுகள் பெரும்பாலும் அதில்தான். முன்னிரவில் அது சில நிமிஷம்தான் இருக்கும், விடியற்காலையை நெருங்க நெருங்க அரை மணி, அதற்கு மேலும் நீளும். அதனால் படுக்கப் போகும் பத்து மணியைவிட உங்கள் நாலு மணிதான் முக்கியம்.

பத்து மணிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், பாதி காபீன் இறங்கவே உடம்புக்கு ஐந்து மணி நேரம் போலத் தேவைப்படும். மது அந்தக் கனவுக் கட்டத்தையே அமுக்கிவிடும். தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்கள், தலைமாட்டில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும், நேற்றைய கனவை ஒரு தடவை படித்துவிட்டுக் கண்ணை மூடுங்கள்.

நாலு மணிக்கு எழுந்து வந்ததும் பெரிய விளக்கைப் போடாதீர்கள். அப்போதுதான் கலைந்த கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு படுத்துக்கொண்டு, "அடுத்து கனவு வரும்போது, இது கனவு என்று எனக்கு ஞாபகம் வர வேண்டும்" என்று அர்த்தத்தோடு சொல்லிக்கொள்ளுங்கள். கூடவே அந்தக் கனவுக்குள் நீங்கள் முழித்துக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்த ஸ்டீபன் லபெர்ஜ் தனக்குத்தானே சோதித்துக் கண்ட முறை இது. மந்திரம் ஒன்றும் இல்லை. "வரும் வழியில் மாவு வாங்கி வாருங்கள்" என்று வீட்டில் சொல்லி அனுப்பினால், நாள் முழுக்க மாவை ஜபித்துக்கொண்டா இருப்போம்? மாவுக்கடை கண்ணில் பட்டதும் சட்டென்று ஞாபகம் வருகிறதே, அதே ஞாபகசக்தியைத்தான் பயன்படுத்துகிறோம். கனவில் வரும் விசித்திரம்தான் இங்கே மாவுக்கடை.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, ஐந்து மணி நேரம் தூங்கி எழுவது, இந்த வரியைச் சொல்லிக்கொள்வது மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதல் வாரத்தில் 17 சதவீத வெற்றி. அதிலும் சொல்லி முடித்த ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கு 46 சதவீதம். ஆகவே ரொம்ப மெனக்கெட்டு முறுக்கிக்கொண்டு படுத்தால் காரியம் கெட்டுவிடும். தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்ட மாதிரி, சொன்னதோடு விட்டுவிடுங்கள். அது உங்களுக்குத் தெரியாததா!

பத்தாவது படிக்கும் என் மகன் இதற்காக மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுகிறான். பகலில் தூங்கி வழிகிறான். என்ன செய்ய?
– ஒரு தாய், தூத்துக்குடி

அலாரத்தைப் பிடுங்கி வையுங்கள். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அதை உடைத்துக் கனவு பார்ப்பது வீட்டை விற்றுத் திருஷ்டி பொம்மை வாங்குகிற கதை. ஆசைப்பட்டால் நோட்டு எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாக முழித்து, மறுபடி குட்டித் தூக்கம் போடும் நேரத்தில் முயற்சி செய்யட்டும். நானே அப்படித்தான் செய்கிறேன்.

ஒரு தடவை முயற்சி செய்தபோது முழிப்பு வந்துவிட்டது, ஆனால் கை கால் அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. அமுக்குவான் பேய் என்று பாட்டி சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, பட்டுக்கோட்டை

பயம் நியாயம்தான், ஆனால் ஆபத்து இல்லை. கனவுக் கட்டத்தில் மூளை உடம்புத் தசைகளை அணைத்து வைக்கிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜத்திலும் எழுந்து ஓடிவிடுவோம். சில சமயம் மனசு முழித்துக்கொள்கிறது, அந்த ஸ்விட்ச் மட்டும் போட மறந்துபோகிறது. கனவு பாதி ஓடிக்கொண்டிருப்பதால் ஆள் நிற்பது, அமுக்குவது எல்லாம் நிஜம் மாதிரியே தெரியும். சில விநாடி, மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு நிமிஷம். போராடாமல் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். தூக்கக் குறைவும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். பாட்டி திருநீறு பூசிவிட்டால் பூசிக்கொள்ளுங்கள், மனசுக்கு நிம்மதி. பிறகு ஒருக்களித்துப் படுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள், அதுவரை இந்தப் பயிற்சி வேண்டாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், எது நிஜம் எது இல்லை என்ற குழப்பம் ஏற்கெனவே இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

கனவு என்று தெரிந்த அடுத்த நொடியே முழிப்பு வந்துவிடுகிறது!
– வாசகர், சேலம்

சந்தோஷத்தில் குதித்திருப்பீர்கள். எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான். தெரிந்ததும் கனவுக்குள்ளேயே இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொள்ளுங்கள், சுவரைத் தொட்டுப் பாருங்கள், காட்சி மங்கினால் தட்டாமாலை சுற்றுங்கள். கவனம் கனவு உடம்பில் இருக்கும் வரை படுக்கையில் கிடக்கும் உடம்பு ஞாபகத்துக்கு வராது.

இதெல்லாம் உண்மை என்று எப்படி நம்புவது? முழித்தபின் சொல்லும் கட்டுக்கதையாக இருக்கலாமே?
– வாசகர், ஓசூர்

விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு உபாயம் செய்தார். தூக்கத்தில் உடம்பு அசையாது, ஆனால் கண் அசையும் அல்லவா? ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை தடவை ஓட்டுங்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்தார். ஆள் தூக்கத்தில் இருப்பதாகக் கருவி காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சைகை வந்தது. 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டு, கண் அசைவிலேயே இரண்டு என்று பதில் வாங்கியிருக்கிறார்கள். என் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார், முழித்திருக்கும்போதே நான் பதில் சொன்னதில்லை.

இதற்கு மாத்திரை, கண்ணில் கட்டும் முகமூடி எல்லாம் ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். அந்த மாத்திரைகளில் ஒன்று மறதி நோய்க்கு டாக்டர்கள் எழுதித் தரும் கேலன்டமின். பஸ்ஸில் சீட்டு பிடிக்க டிரைவரைத் தள்ளுகிற வேலை அது. நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள்.

அந்த டவுன் பஸ் கனவில் கனவு என்று தெரிந்ததும் என்ன செய்தீர்கள்? பறந்தீர்களா?
– இரண்டாவது கடிதம், அதே திருநெல்வேலி மாணவர்

பறக்க வேண்டும் என்று மாதக்கணக்காகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன் தம்பி, பாத்ரூமில் ஒத்திகைகூட நடந்தது. ஆனால் டிக்கெட்டைப் பார்த்ததும், இதே கண்டக்டர் போன கனவில் மூன்று ரூபாய் பாக்கி தராமல் போனது ஞாபகம் வந்துவிட்டது. நேரே போய்க் கேட்டேன். "சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கோ" என்றார். அதற்குள் முழிப்பு வந்துவிட்டது.