மிச்சச் சோற்றில் அடுப்பு எரியும், ஆனால் தினம் ஒரு சிலிண்டர் மிச்சமாகாது

கேள்வி: திண்டுக்கல்லில் மெஸ் நடத்துகிறேன். தினமும் 40 கிலோ உணவுக் கழிவு சேர்கிறது. 1,000 லிட்டர் பயோகேஸ் தொட்டி வைத்தால் தினம் ஒரு சிலிண்டர் மிச்சமாகும், மானியமும் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பயோகேஸை நம்பலாம். அந்த ஏஜென்ட்டை நம்ப வேண்டாம்.

நூறு கிலோ உணவுக் கழிவில் ஏறக்குறைய 10 கனமீட்டர் வாயு வரும். உங்கள் 40 கிலோவுக்கு 4. ஒரு கனமீட்டர் வாயு, அரைக் கிலோ சமையல் கேஸுக்கும் கொஞ்சம் குறைவு. ஆக நாளொன்றுக்கு 1.8 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று மிச்சமாகப் பத்து, பதினோரு நாள் பிடிக்கும். மாதம் கிட்டத்தட்ட மூன்று சிலிண்டர். அதுவே நல்ல லாபம்தான், பொய் சொல்லி விற்க வேண்டியதே இல்லை.

தொட்டியும் போதாது. 40 கிலோ கழிவோடு அதே அளவு தண்ணீர் சேர்த்தால் தினம் 80 லிட்டர் உள்ளே போகும். அது 40 நாளாவது உள்ளே இருந்து செரிக்க வேண்டும். அப்படியானால் 3,200 லிட்டர் தேவை. ஆயிரம் லிட்டர் தொட்டியில் பன்னிரண்டே நாளில் பாதிச் சோறு புளித்து வெளியே வந்துவிடும். தொட்டிக்குள் அமிலம் ஏறினால் வாயு வரும், ஆனால் தீப்பற்றாது. தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனால் அணைந்துவிடும்.

மானியம் பொதுவாகக் கட்டி முடித்து, அதிகாரி வந்து பார்த்த பிறகு கிடைப்பது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் நமக்கே வெறுத்துவிடும். இடைத்தரகர்கள் பிழைப்பதே அந்தத் தாமதத்தில்தான். மானியத்தைக் காட்டி யார் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர் இரண்டு வருடத்துக்கு முன் வைத்துக் கொடுத்த கலன் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குப் போய், முதலாளியை விட்டுவிட்டு சமையல் மாஸ்டரிடம் கேளுங்கள். நான் பார்த்த ஒரு மண்டபத்தில் கலன் மேல் கரித்துணி காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் சாணக் கரைசல் நிரப்பி, வாயு வந்த பிறகு கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வாழை இலை, எலும்பு, எலுமிச்சைத் தோல் வேண்டாம். அடுப்புக்குப் பெரிய துளையுள்ள தனி பர்னர் வேண்டும்.

பொரித்த எண்ணெயை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதைக் கலனில் ஊற்றவே ஊற்றாதீர்கள், மேலே ஆடை கட்டி அடைத்துவிடும். அதற்கு வேறு வழி இருக்கிறது. பழைய எண்ணெயில் பயோடீசல் தயாரிக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே இதற்கென்று திட்டம் தொடங்கியது. ஆனால் மாலையில் கேனோடு வந்து ரொக்கம் நீட்டுபவர் அதை டீசலாக்கத்தான் வாங்குகிறார் என்று யார் கண்டது? அதே எண்ணெய் வடிகட்டப்பட்டு ரோட்டோரக் கடையில் பஜ்ஜி பொரிக்கத் திரும்ப வரலாம். அதைத் தின்பது பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். இரண்டு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுங்கள். கேன் உங்கள் வாசலைத் தாண்டும் முன் ரசீதை வாங்கிவிடுங்கள்.