பாட்டிகளின் பேச்சைச் சீராக்க வேண்டுமா?

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கோத்தகிரிப் பக்கம் வாழும் பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், ஆய்வு நெறியாளரோ அதை அறிக்கை நடைக்கு மாற்றச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள்.

இவர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களைக் கேட்டுப் போட்டது இல்லை. அரசுக் கோப்பில் 'குடியமர்த்தப்பட்டனர்' என்றுதான் இருக்கும், செய்தவர் யார் என்றே தெரியாது. பாட்டி "எங்கள கொண்டாந்து விட்டாங்க" என்னும்போது கொண்டுவந்தவர்கள் வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். ஆங்கிலத்திலும் அவர்களை நிற்க வையுங்கள், நடை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

மரியாதை விகுதிதான் கஷ்டம். தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த கங்காணியைப் பற்றிச் சொல்லும்போது 'வந்தார்' என்று தொடங்கி, கோபம் ஏறியதும் 'வந்தான்' என்று இறங்கினால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் முதலில் பதவியோடும் பிறகு வெறும் பெயராலும் குறிப்பிட்டு அந்த இறக்கத்தைக் காட்டுங்கள். அப்புறம், தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம், அதாவது இன்றைய டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்), தொடங்கிய பிறகான நினைவுகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அதிகாரியைப் பற்றிப் பேசும் விதம் அங்கே மாறியிருந்தால் அதுவே உங்கள் ஆய்வின் முக்கியமான அத்தியாயம்.

நெறியாளரிடம், 1990-ல் மொழிபெயர்ப்பு ஆய்வாளர்கள் பாஸ்நெட்டும் லெஃபவரும் முன்வைத்த பண்பாட்டுத் திருப்பத்தைச் சொல்லி வாதாடுங்கள்; மொழிபெயர்ப்பை அதிகாரம் எப்படி வளைக்கிறது என்பதைத்தான் அவர்கள் ஆராயச் சொன்னார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு வேண்டாம், முன்னுரையில் உங்கள் முடிவுகளை விளக்கிவிட்டு, தமிழ்ப் பேச்சை அப்படியே பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள்.