காய்ச்சலுக்குப் பின் மாரடைப்பு: கிருமிதான் காரணமா?

கேள்வி: ஐப்பசி அடைமழையில் ஃபுளூ காய்ச்சலில் படுத்த என் தந்தைக்கு (வயது 63) நான்காம் நாள் மாரடைப்பு வந்தது. கிருமிக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டா? ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் மறுபடி வராமல் தடுக்கலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் பழியைக் கிருமியின் மீது மட்டும் போட இயலாது. இதயத் தமனியின் சுவரில் கொழுப்பு படியும்போது, அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அங்கேயே தங்கி அழற்சியை (உடலின் எதிர்ப்பால் திசுவில் உண்டாகும் வீக்கத்தை) மூட்டுகின்றன. பல ஆண்டுகள் கனன்றுகொண்டிருக்கும் அந்த அழற்சியால் கொழுப்புத் திட்டின் மேல்மூடி மெலிந்து, ஒருநாள் கிழிந்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து அடைப்பதே பெரும்பாலும் மாரடைப்பாகிறது. ஃபுளூ வரும்போது உடல் முழுவதும் அழற்சி கூடுகிறது, இரத்தமும் எளிதில் உறைகிறது. 2018இல் வெளியான கனடா ஆய்வில், ஃபுளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. எனவே தந்தைக்கு ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டாம். கிளமிடியா நிமோனியே என்னும் பாக்டீரியாக் கிருமி மாரடைப்புக்குக் காரணமோ எனச் சந்தேகித்து, ஆயிரக்கணக்கான இதய நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தும் பலன் கிட்டவில்லை. மாறாக, 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் ஊசி, கொலஸ்டிராலைக் குறைக்காமலேயே மாரடைப்பைக் குறைத்தது; தொற்றால் இறந்தோர் அதில் சற்றுக் கூடியதும் உண்மை.

நம் செங்காந்தளில் உள்ள கால்சிசின் என்னும் மருந்துப்பொருளும் அழற்சியைத் தணிப்பதுதான். சில ஆய்வுகளில் அது பயன் தந்தது, 2024இன் பெரிய ஆய்வொன்றில் தரவில்லை. அதற்காகக் கிழங்கைத் தோண்டி அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது உயிரைக் குடிக்கும் நஞ்சு.