மூன்று எழுத்து, பதினைந்து பைட்

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஓடுகிறவனுக்கு எஞ்சின் கழற்றத் தெரிய வேண்டுமா? பிறகேன் கணினி பாவிக்கிறவர்கள் உள்விஷயம் படிக்க வேண்டும் என்று நிற்கிறீர்கள்? புரோகிராமிங் படிக்கும் என் மகனே, ஏஐ கோட் எழுதித் தருகிறது, இனி அடிப்படை எதற்கு என்கிறான்.
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கழற்றத் தெரிய வேண்டாம். பெற்றோல் வண்டிக்கு டீசல் அடித்துவிட்டு வண்டியைத் திட்டாமல் இருந்தால் போதும்.

பாவிக்கிறவரிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கோப்பு எந்த இடத்தில் கிடக்கிறது, கரண்ட் போனால் எது மிஞ்சும், இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது. பென் டிரைவில் வைத்தே கோப்பைத் திருத்தாமல் கணினிக்குக் கொப்பி பண்ணித் திருத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் கோப்பு கெடும்.

இன்னொன்று, நம் பக்கத்துத் தலையிடி. கிளிநொச்சியில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் (ஃபொன்ட்) அடித்த கடிதத்தை முல்லைத்தீவில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். வைரஸ் என்று முடிவுகட்டி முழுவதையும் திரும்ப அடிப்பார்கள். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பாமினிக் கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் எண்களே. தமிழ் உருவம் எழுத்துருவுக்குள் மட்டும் இருக்கிறது. அந்த எழுத்துருவை நிறுவுங்கள், கடிதம் வந்துவிடும். நிறுவ வழியில்லையா, யுனிகோட் மாற்றியில் ஒட்டி எடுங்கள். யுனிகோட் என்பது தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் தரும் பொது முறை.

உங்கள் மகனுக்கு இந்தச் சலுகை கிடையாது. தான் எழுதும் கோட்டுக்கு ஒரு படி கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். 'தமிழ்' கண்ணுக்கு 3 எழுத்து. யுனிகோட்டில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு), ஆக 15. இது தெரியாதவர் ஊர்ப்பெயருக்கு 20 பைட் ஒதுக்குவார். ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தால் எல்லாம் சரி. 'கிளிநொச்சி'க்கு 30 பைட் வேண்டும். 20இல் வெட்டினால் 'கிளிநொ' மட்டும் மிஞ்சி, அடுத்த சகரத்தின் மூன்றில் இரண்டு பைட் குப்பையாகத் தொங்கும். திரையில் கேள்விக்குறிப் பெட்டி.

குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் இடத்தில், ஒரு தமிழ் எழுத்து கலந்தாலே பொதுவாக 70 குறியீடுகளோடு நின்றுவிடும். கூட்டுறவுச் சங்கம் உறுப்பினருக்கு அனுப்பும் 80 குறியீட்டு அறிவித்தல் இரண்டாக உடையும், காசும் இரண்டு மடங்கு. காசென்றதும் ஒன்று: கணக்கை மிதவைப் புள்ளி எண்ணில் (தசமங்களைப் பெரும்பாலும் கிட்டத்தட்டவே வைக்கும் முறை, floating point) வைக்க வேண்டாம், 0.1உம் 0.2உம் அங்கே சரியாக 0.3 ஆகாது. சதமாக்கி முழு எண்ணில் வையுங்கள்.

ஏஐ எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதைச் சோதிப்பது என்று தெரியாதவருக்கு அது தருவது சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? உங்கள் மகனிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்: 'நொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ஒரு விதமாகப் பதிந்த கிளிநொச்சியை மற்ற விதமாகத் தேடச் சொல்லுங்கள். அகப்படாவிட்டால், பதியும்போதும் தேடும்போதும் எழுத்தை என்.எஃப்.சி. வடிவுக்கு (இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் யுனிகோட் வடிவு, NFC) மாற்றும் வரி அவர் கோட்டில் இல்லை.