தனியார் நிலத்தில் குறிபார்த்துச் சுடுதல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சட்டம் பற்றி முதலில் ஒரு வார்த்தை. உரிமம், வீட்டிலிருந்தும் சாலையிலிருந்தும் விட வேண்டிய தூரம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் தனியார் நிலத்தில் சுடுவதற்கே தடை உண்டு. உங்கள் பகுதி விதியைக் கேட்டறிந்த பிறகே மற்றதெல்லாம்.

அண்ணா, நண்பரோட நிலம் ரொம்பப் பெரிசு, ஆள் நடமாட்டமே இல்ல. அப்பவும் பின்னாடி மண்மேடு வேணுமா?

கட்டாயம் வேண்டும். எல்லாவற்றிலும் சின்னது என்று பலர் அலட்சியப்படுத்தும் .22 தோட்டாவே (0.22 அங்குல விட்டம்) ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய ரைபிள் தோட்டா அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு போகும். ஏர் கன் ரவைகூடச் சில நூறு மீட்டர் பறக்கும். அவ்வளவு தூரத்தில் யார் குனிந்து வேலை செய்கிறார் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மரக்கூட்டமும் புதரும் தடுப்பாகாது. மேட்டின் உச்சியில் குறி வைப்பது இன்னும் மோசம். தப்பிய தோட்டா நேராக வானத்துக்குப் போய் எங்கோ விழும். கல் பொறுக்கிய மண்ணால், குறியைவிட நன்றாக உயர்ந்த, செங்குத்தான மண்கரை குறிக்குப் பின்னால் இருக்க வேண்டும். சரிவு குறைந்த கரையில் படும் தோட்டா வழுக்கி மேலேறித் தாவிவிடும். நல்ல கரை அமையாத நிலத்தில் நான் துப்பாக்கியை உறையிலிருந்தே எடுக்கமாட்டேன்.

பாட்டில், தண்ணில மிதக்கிற டப்பா, இரும்புத் தகடு இதெல்லாம் சுடலாமா சார்?

பாட்டில் வேண்டாம். சில்லு மண்ணில் கிடந்து ஆள் காலையும் மாட்டுக் குளம்பையும் கிழிக்கும். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் தோட்டா எகிறிப் போகும், ஆகவே அதுவும் வேண்டாம். இரும்பு என்றால், குறிக்கென்றே செய்த கடினத் தகடாக, முகம் சற்றுத் தரை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 மீட்டர், பெரிய ரைபிளுக்கு 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். குழி விழுந்த தகடு துணுக்குகளைச் சுடுபவர் பக்கமே திருப்பும். அதைத் தூக்கிப் போடுங்கள். ஏர் கன்னின் எஃகுக் குண்டு கடினமான எதில் பட்டாலும் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் நிற்கக் கூடாது.

நிலத்துக்காரர் ஒருமுறை சரின்னுட்டார். ஒவ்வொரு முறையும் கேட்கணுமா?

கேட்க வேண்டும். அன்று அந்தப் பக்கம் மாடு மேயலாம், வேலையாட்கள் இருக்கலாம். எந்த நேரம், எந்தத் துப்பாக்கி, கூட யார் வருகிறார்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அவருக்குத் தெரியாமல் புது ஆளைக் கூட்டிப்போகாதீர்கள். மூடியிருந்த கேட்டை மூடுங்கள்; திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், சத்தம் கேட்டுப் பதற மாட்டார்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து சுடும்போது?

ஒருவர் பொறுப்பேற்கட்டும். ஆனால் "நிறுத்து" என்று யார் கத்தினாலும், சின்னப் பையன் கத்தினாலும், அந்த நொடியே எல்லோரும் நிறுத்த வேண்டும். குறி மாற்ற ஒருவர் முன்னே போகும்போது மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றி, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து, துப்பாக்கிகள் கீழே இருக்க வேண்டும். தொட்டுப் பார்க்கக்கூட ஒருவரும் கை வைக்கக் கூடாது. குடித்தவருக்கு அங்கே இடமில்லை.

விசையை அழுத்தியும் வெடிக்கலைன்னா?

குழலைக் கரை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. தோட்டா குழலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்தது குழலையே பிளக்கும்.

.22-க்கும் காது மூடி வேணுமா?

வேண்டும். அதன் சத்தமே 140 டெசிபெல்லை ஒட்டி வரும். கெட்டுப்போன கேட்கும் திறன் திரும்பாது.

கோடையில காய்ஞ்ச புல் இருக்கே?

அமெரிக்க வனத்துறை 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடினப் பரப்பில் மோதிய ரைபிள் தோட்டாவின் சூடான துணுக்குகள் உலர்ந்த தாவரப் பொருளைப் பற்றவைத்தன. எஃகு கலந்த தோட்டாவும் முழுச் செம்புத் தோட்டாவும் அதிகம் பற்றவைத்தன. காற்றடிக்கும் வறண்ட நாளில் போகாதீர்கள். மற்ற நாளிலும் தண்ணீரும் மண்வெட்டியும் கையோடு இருக்கட்டும். வெடிக்கும் குறிகளைத் தொடவே வேண்டாம்.

முடிச்சிட்டுக் கிளம்பும்போது?

வெற்றுத் தோட்டாக் கூடு, கிழிந்த தாள், உடைந்த குறி அத்தனையும் பொறுக்குங்கள், முன்பு வந்தவர் விட்டதையும் சேர்த்து. ஈயம் கையில் ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவோ குழந்தையைத் தூக்கவோ கூடாது. கரையில் சேரும் ஈயம் கால்நடைக்கு நஞ்சு. அங்கே மேய்ச்சல் கூடாது என்பதையும், ஈயத்தை எப்போது, யார் அள்ளுவது என்பதையும் நிலத்துக்காரரிடம் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.